கதையின் அடியில் எழுதிய உறுதிமொழி

ஞாயிறு பத்திரிகை ஒன்று என் கதையின் கடைசி இரண்டு பத்திகளை வெட்டிவிட்டு அங்கே செல்போன் விளம்பரம் போட்டது. கேட்டதற்கு, இடமில்லை என்றார்கள். முழுப் பக்கமாக இருந்த சிறுகதைப் பகுதி அரைப் பக்கமாகி, பிறகு மூலைக்குப் போயிருந்தது. அடுத்து நான் எழுதியது, யுத்தகாலச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஒரு தமிழ்ப் பெண்ணை மட்டும் இறக்கியதைப் பற்றியது. அதற்கு அந்த மூலையும் கிடைக்கவில்லை. நல்ல கதைதான், நிலைமை சரியாகட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். நிலைமை சரியானபின் அந்தக் கதை எதற்கு?

வெளிநாட்டிலிருந்து சிலர் நடத்திய இணைய இதழ் ஒன்று ஒரே வாரத்தில் அதைப் போட்டது. புனைபெயரில்தான். நான் பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழன். கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். என் பெயரில் அது வந்தால் வேலை போவதோடு முடியாது, ஆளையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

வீட்டில் கணினி இல்லை. மடவளை ஊர் முஸ்லிம் ஒருவர் டவுனில் நடத்திய நெட் கஃபேக்குத்தான் போவேன்; அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவேன். பொலிஸ் கேட்டால் காட்டுவதற்காக வாசலில் ஒரு கொப்பி வைத்திருந்தார். பெயர், அடையாள அட்டை எண், எந்தக் கணினி, எத்தனை மணி என்று எழுதிவிட்டுத்தான் உட்காரவேண்டும்.

ஒரு நாள் பகல் மூன்றாம் கணினியில் ஒரு முகவரியின் முதல் எழுத்துகளைத் தட்டினேன். கீழே, முன்பு யாரோ திறந்த பக்கமாக என் கதை வந்து நின்றது. கதை வெளியானபின் அந்தக் கணினியில் நான் உட்காரவேயில்லை. யார் படித்தது? பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தேன். நான்கு நாளாக, தினமும் பகல் ஒரு முறை. இடையில் மற்றவர்கள் பார்த்தவையும் கிடந்தன: மத்திய கிழக்கு வேலை, சிறுநீரகக் கல், கல்யாணத்துக்குப் பெண். எல்லாவற்றையும் படித்தேன். படிக்கக்கூடாது என்று தோன்றவே இல்லை. அச்சில் வந்த கதையை யாராவது படித்தார்களா என்றே எனக்குத் தெரிந்ததில்லை. இங்கே ஒருவர் நான்கு முறை படித்திருக்கிறார்.

கடைக்காரர் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் போயிருந்தார். எழுந்து போய்க் கொப்பியைப் புரட்டினேன். அந்த நான்கு நாளும் அந்த நேரத்தில் மூன்றாம் கணினிக்கு நேரே யார் பெயரும் இல்லை.

"என்ன தம்பி, பொலிஸுல சேந்துட்டீங்களா?" கடைக்காரர் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார்.

"மூனாம் நம்பர்ல யாரு உக்காந்தாங்கனு பாத்தேன், நானா."

"நான்தான். என்ட கடையில நான் எதுக்குக் கொப்பியில எழுதோணும்?"

"அந்தக் கதைய எதுக்குத் திரும்பத் திரும்பப் பாத்தீங்க?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒங்கட பேரும் அட்ரஸும் அடியில வந்திரிக்கா எண்டு பாத்த."

அப்போதுதான் நினைவு வந்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பும் கதையின் அடியில், 'இது எனது சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளிவராதது' என்று உறுதிமொழி எழுதி, முழுப் பெயரும் முகவரியும் போடவேண்டும். போடாவிட்டால் குப்பைக்கூடைதான். பழக்கத்தில் இதற்கும் போட்டிருந்தேன். மேலே புனைபெயர், கீழே வீட்டு இலக்கம் வரைக்கும். அனுப்பியபின் பிரதியை அந்த மூன்றாம் கணினியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

"அத நான் அழிச்சிட்டன். மறுநாள் சிவில் உடுப்புல ரெண்டு பொலிஸ் வந்து எல்லா மெஷினையும் தொறந்து பாத்த."

"அழிக்க முன்னுக்குப் படிச்சீங்களா?"

"படிக்காம எப்படி அழிக்கிற? நீங்க இப்ப அடுத்தவங்கட கொப்பியப் பாக்கல்லயா?"

கோபம்தான் வந்தது. ஆனாலும் கதை எப்படி என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பரவால்ல. அந்தப் புள்ளய எறக்கினதுக்குப் பொறகு பஸ் நிண்டுதா, போய்ட்டுதா? அத நீங்க எழுதல்லயே."

"போயிருச்சு. நானும் அதுலதான் போனேன்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க. அந்த இதழ்காரங்களுக்கு எழுதுங்க, ஒங்கட பேர் அவங்கள்ட்டயும் கெடக்கு."

என் பெயர் உள்ள அஞ்சலை அழித்துவிடும்படி இதழுக்கு எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. அழித்துவிட்டோம், பயப்படவேண்டாம், அடுத்த கதையை அனுப்புங்கள் என்றிருந்தது. அழித்தார்களா என்று பார்க்க எனக்கு வழியில்லை. வாசலில் வாகனம் நின்றால் எட்டிப் பார்ப்பதைப் பல மாதம் விடவில்லை. அடுத்த கதையை மட்டும் அனுப்பினேன், அடியில் ஒன்றும் எழுதாமல்.