கை தூக்காத கான்ஸ்டபிள்

போன ஞாயிற்றுக்கிழமை, தர்மபுரியில் ஒரு தியேட்டர். ஹீரோ இன்னும் வரவே இல்லை. அதற்குள் மூன்று வரிசை எழுந்து நின்று விசிலடிக்கிறது! திரையில் ஒரு பெண் கான்ஸ்டபிள். என் பக்கத்து சீட்டு அம்மா, முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்குகிறார்.

"என் மவளுங்க! மூஞ்சியப் பாருங்க... மூஞ்சி!"

கடத்தூர் செல்வியின் அம்மா அவர். மூஞ்சிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறீர்களா? ஐந்து வருடமாக சினிமாவில் மகளின் முதுகை மட்டுமே பார்த்தவராயிற்றே!

செல்வியும் நானும் ஒன்றாகக் கராத்தே வகுப்பில் சேர்ந்தவர்கள். நான் மஞ்சள் பெல்ட்டோடு கும்பிடு போட்டுவிட்டேன். அவள் பிளாக் பெல்ட் வாங்கி, பொம்மிடியில் ஒரு பள்ளியில் மாஸ்டராகவே ஆகிவிட்டாள்.

அப்போதுதான் சித்தேரி மலைப்பாதைக்கு ஒரு ஷூட்டிங் வந்தது. வேடிக்கை பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பஸ் கூரையிலிருந்து கதாநாயகி வைக்கோல் லாரியில் குதிக்க வேண்டும். அவருக்கு டூப், விக் வைத்த ஓர் ஆண். புடவையில் அவர் நடந்த நடைக்கு ஊரே சிரித்தது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கூட்டத்தை மறிக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிச் செல்வி போய்விட்டாள். "நான் குதிக்கட்டுங்களா?"

ஸ்டன்ட் மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். "பயமா இல்லையா?"

"இருக்குதுங்க. இருந்தாலும் குதிக்கறேன்."

மெத்தை போட்டு மூன்று தடவை குதிக்க வைத்துப் பார்த்தார். பிறகு பஸ் கூரை. அந்தக் குதியை வர்ணிக்க எனக்கும் ஆசைதான். நான்தான் கண்ணை மூடிக்கொண்டேனே!

அப்புறம் சென்னை. தீ, கண்ணாடி, ரோப்... எல்லா அடியும் செல்விக்கு, குளோசப் மட்டும் வேறு யாருக்கோ.

இந்தப் படத்தில்தான் முதல் வேஷம். ஒரே ஒரு சீன். வில்லன் அறைய வேண்டும், இவள் வாங்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வில்லன் கை ஓங்கினால் போதும், இவள் கை தானாக எழுந்து தடுத்துவிடுகிறது! ஏழாவது டேக்கில் வில்லன் மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் ஒரே டேக். சரியா வரலன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார் டைரக்டர்.

ஐந்து வருடக் காத்திருப்பு... ஒரு கையால் போய்விடுமா? ஓரமாகப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, கை தானா எந்திரிக்குதும்மா."

"ரெண்டு கையிலயும் எதையாச்சும் புடிச்சிக்கடி! இதுக்குப் போயி அழுவாங்களா?"

யூனிட்டுக்கு டீ வந்திருந்தது. ஆறு டம்ளரோடு டிரேயைத் தூக்கிக்கொண்டாள். "கான்ஸ்டபிள் டீ கொண்டார்ற மாதிரி வெச்சிக்கலாங்களா?"

டைரக்டர் அலுப்போடு தலையசைத்தார். ஆக்‌ஷன்! வில்லனின் கை கன்னத்தை உரசிப் போனது. செல்வியின் முகம் சடாரென்று திரும்பியது, பிறகு மெதுவாக வில்லனைப் பார்த்தது. டிரே? அசையவில்லை. ஆறு டம்ளரிலும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை! செட்டே கைதட்டியது. தர்மபுரி விசிலடித்ததும் அதே இடத்தில்தான்.

இத்தனை வருடம் அடியைத் தடுக்கக் கற்றவளுக்கு, ஓர் அடி வாங்கித்தான் பெயர் கிடைத்திருக்கிறது. சினிமாவின் நியாயமே தனி!

அதே டைரக்டர் அடுத்த படத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார். "சண்டை உண்டுங்களா?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள். "இல்லம்மா, படம் முழுக்க அழுகை" என்றாராம்.

நேற்று அழுகைப் பயிற்சிக்கு என் வீட்டுக்கு வந்தாள். காலை அகட்டி, முஷ்டியை மடக்கி, எதிரியைப் பார்ப்பதுபோல் முறைத்தபடி அரைமணி நேரம் அழ முயற்சி செய்தாள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை.

எனக்கு வந்தது... சிரித்துச் சிரித்து!