மீசை வைத்த மீனும் நல்ல தண்ணீரும்

என் தங்கை வீட்டுக்காரர் மீன் வாங்கப் புறப்பட்ட கோலத்தைப் பார்த்தவர்கள், மனிதர் மாட்டுச் சந்தைக்குப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். சலவை வேட்டி, தோளில் புதுத் துண்டு, மீசையின் இரு நுனியிலும் எண்ணெய். துணைக்கு நான். கவிதை எழுதுகிறவனுக்கு மீனைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்பது மாப்பிள்ளையின் முடிவு.

உச்சிப்புளிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஊரில் மிளகாய் போடுகிற குடும்பம் அவருடையது. நிலம் உண்டு, நிலத்தை விடப் பெரிய குரல் உண்டு. புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்குச் சுவரோடு சுவராகக் கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பதித்திருந்தார். காரணம் எதிர்வீட்டில் இருந்தது. அங்கே பங்காளியின் தொட்டியில் தகடு மாதிரி ஒரு வெள்ளி மீன், வாஸ்துவுக்கு நல்லதென்று வாங்கியது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்து கொண்டிருந்தது.

"அவன் மீனு சும்மா நீந்துது மச்சான். நம்ம மீனு கடிக்கணும்."

அழகைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் கிளம்பும்போது தங்கை இடுப்பில் காலிக் குடத்தோடு வாசலில் நின்றாள். "அண்ணே, அந்தத் தொட்டி எத்தன கொடம் தண்ணி புடிக்கும்?" என்றாள். அன்று முழுவதும் எவர் வாயிலிருந்தும் வந்த ஒரே புத்தியுள்ள கேள்வி அது. அதனால்தானோ என்னவோ, மாப்பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அந்த ஊரில் தண்ணீர் இரண்டு வகை. போர் போட்டு இறைப்பது உப்பு. சோப்பு அதில் நுரைக்காது, பருப்பு வேகாது. தெருக்குழாயில், அதற்கு மனம் வந்த நாளில், வருவது நல்ல தண்ணீர். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய், வரிசைக்காகச் சண்டை போட்டு, வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தங்கை அதை நீல டிரம்களில் நிறைப்பாள். மூடி போட்டு, மூடிமேல் ஒரு கல்லும் வைப்பாள். நகை இருக்கிற பீரோவின் சாவி அந்த வீட்டில் பூட்டிலேயே தொங்கும். காவல் டிரம்முக்குத்தான்.

இராமநாதபுரத்துக் கடையில் தங்க மீன்களையும் விசிறிவால்களையும் மாப்பிள்ளை திரும்பியும் பார்க்கவில்லை. வேட்டை மீன்கள் உள்ளறையில் இருந்தன. நீல வெளிச்சத்தில் விரல் நீளக் குட்டிகள். ஒன்றுக்கு மண்வெட்டி மாதிரித் தட்டை மூக்கு, உடம்பெல்லாம் வரி. இன்னொன்று கறுத்த முதுகும் வெளுத்த வயிறும் செங்கல் நிற வாலுமாக இருந்தது; ரெட் டெயில் என்றார் கடைக்காரர். எந்தக் கண்டத்து ஆற்றில் பிறந்திருந்தாலும் எல்லாம் கெளுத்தி இனம்தான்.

மாப்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணாடியைச் சுண்டினார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இதுக்குச் சுழி எங்கன இருக்கும்?"

கடைக்காரர் கெட்டிக்காரர், சிரிக்கவில்லை. "மீனுக்குச் சுழி கெடையாதுண்ணே. மீசைதான்."

"மீசையா?"

"மேல ரெண்டு, கீழ நாலு. ரெட் டெயிலுக்கு மீசை வெள்ளையா எடுப்பா இருக்கும், பாருங்க."

அவ்வளவுதான், தீர்ந்தது. ஆறு மீசை உள்ள ஒரு பிராணி உலகத்தில் இருக்க, இரண்டு மீசையோடு இத்தனை காலம் வாழ்ந்துவிட்டோமே என்கிற ஏக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. மறுபடியும் சுண்டினார். மற்றக் குட்டிகள் விலகி ஓடின. ஒன்று மட்டும் நின்ற இடத்தில் நின்றது. "இவந்தான். பின்வாங்க மாட்டேங்குறான் பாத்தியளா மச்சான்?" நானும் குனிந்து பார்த்தேன். அது நின்றதற்குக் காரணம் வீரம் அல்ல. பக்கத்திலிருந்த தன் உடன்பிறப்பை அப்போதுதான் விழுங்கியிருந்தது. செங்கல் நிறத்தில் ஒரு வால்நுனி இன்னும் வாய்க்கு வெளியே துடித்துக்கொண்டிருந்தது. நகர முடியாத வயிறு. சுழி பார்த்து மாடு வாங்கிய பரம்பரை, செரிமானத்தைத் தைரியம் என்று நம்பி ஒரு மீனை வாங்கியது.

"எவ்வளவு பெருசு வளரும்?" என்று நான் கேட்டேன்.

"தொட்டிக்குத் தக்கனதாண்ணே வளரும்." இதைச் சொல்லும்போது அவர் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார்.

"தண்ணி?"

"நல்ல தண்ணிதான் ஊத்தணும். உப்பு ஆகாது. வாரா வாரம் பாதிய மாத்திரணும்."

புகையிலையை விடச் சொல்லும் டாக்டருக்குத் தலையாட்டுவது போல மாப்பிள்ளை தலையாட்டினார்.

கன்றாக வாங்கி வளர்த்தால் சொன்னபடி கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. மீன் எதையும் கேட்கவில்லை, தின்றது. உச்சிப்புளித் தளத்துக் கடற்படை விமானம் கூரைக்கு மேல் போகும்போது மட்டும் திடுக்கிட்டு ஒரு முறை கண்ணாடியில் மோதும். மற்ற நேரமெல்லாம் வாயைத் திறந்து வைத்திருக்கும். அதற்குத் தீனி, மண்டபத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் வரும் மீன்காரம்மாவிடம் வாங்கிய சாளை மீன். ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது அந்த அம்மா கேட்டார்:

"தெனமும் சாளை வாங்குறீகளே, யாருக்குத் தாயி?"

"மீனுக்கு" என்றாள் தங்கை.

நம்பாமல் உள்ளே வந்து பார்த்தவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆத்தி! கெளுத்தியா இது? எங்க வலையில இது ஏறுச்சுன்னா முள்ள ஒடிச்சு அங்கிட்டு எறிவாக. நீங்க லைட்டு போட்டு வச்சிருக்கீக!"

"இது வெளிநாட்டுது" என்றார் மாப்பிள்ளை, நாற்காலியிலிருந்து.

"எந்த நாடா இருந்தா என்னய்யா, மொகறை அதேதான."

பங்காளியை மாப்பிள்ளை ஒருநாள் கறி விருந்துக்கு அழைத்தார். விருந்து ஒரு சாக்கு. உயிருள்ள கெண்டை ஒன்றைத் தொட்டியில் விட்டு வேட்டையைக் காட்டுவதே நோக்கம். ஆனால் ஒத்திகை பார்க்கிறேன் என்று முந்தின நாளே இரண்டு கெண்டைகளை உள்ளே விட்டிருந்தார். ஆக, விருந்தன்று மீன் அடித்தரையில் வயிறு பதித்து, மாமியார் வீட்டில் மத்தியானச் சோறு தின்ற புது மாப்பிள்ளையைப் போலக் கிடந்தது. புதிதாக விட்ட கெண்டை அதன் மீசையை உரசிக்கொண்டு உல்லாசமாகத் திரிந்தது.

"தூங்குதோ?" என்றான் பங்காளி.

"பதுங்குது" என்றார் மாப்பிள்ளை.

சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலையும் போட்ட பிறகு பங்காளி மறுபடி எட்டிப் பார்த்தான். "இன்னமும் பதுங்குது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

இதெல்லாம் சிரிப்பதற்கு ஆயிற்று. கோடை வந்தது. கருவேலங்காடு சாம்பல் நிறமானது, கண்மாய் காய்ந்து வெடித்தது, குடிதண்ணீர் ஊருணி முழங்கால் ஆழத்துக்கு வந்தது, தெருக்குழாய் வறட்டு இருமல் இருமியது. மீன் மட்டும் வளர்ந்தது. தொட்டிக்குத் தக்கன வளரவில்லை. பசிக்குத் தக்கன வளர்ந்தது. திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வில்லாக வளைத்து, மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் திரும்பும். தேய்த்த இடம் சிவந்து புண்ணாகியிருந்தது. தண்ணீர் இரண்டே நாளில் கலங்கி நாறியது. ஒவ்வொரு முறையும் தங்கையின் டிரம்களில் பாதி அந்தத் தொட்டிக்குள் போனது. வீட்டில் குடிக்கிற வாய்கள் அளவு பார்த்துக் குடித்தன.

குழாய் வராத ஒரு வாரத்தில் நான் போயிருந்தேன். மாப்பிள்ளை வாளியோடு அடுப்படிக்கு வந்தார். மிஞ்சியிருந்தது ஒரு டிரம். தங்கை அதன் மூடியில் இருந்த கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கல் இருந்த இடத்தில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரி புள்ள. மீனுக்கு மூச்சு முட்டுது."

"எனக்குந்தான் முட்டுது."

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

"நான் சொல்றதுக்கு என்ன மாப்ள இருக்கு? உக்காந்திருக்கவளைக் கேளுங்க" என்றேன்.

"ஏங்க, இது உலைத் தண்ணி. ஒங்க மீசைக்காரனுக்கு இதுல சொட்டு கெடையாது. வேணும்னா அந்தா இருக்கு ஊருணி, கொண்டுபோயி விடுங்க. காலு நனைக்கக்கூடாதுன்னு ஊரே காவல் காக்குது. இதக் கொண்டுபோயி எறக்குனா ஒங்களையும் சேத்துல எறக்குவாக."

கோபம் வந்தால் மாப்பிள்ளைக்கு அறிவியலும் வந்துவிடும். "உப்பு ஆகாதாம்ல உப்பு! மீனுக்கு உப்பு ஆகாதுன்னு கடல்ல போயிச் சொல்லச் சொல்லு!" என்று போர்த் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து தொட்டிக்குள் போட்டார். கடலை ஒட்டிப் பிறந்து, தனுஷ்கோடிக் காற்றை மூக்கில் வாங்கி வளர்ந்தவருக்கு, மீன் என்றால் உப்பு. ஆற்று மீன் அவர் கணக்கிலேயே இல்லை.

சாயங்காலத்துக்குள் மீனின் கறுப்பு வெளிறியது. மேலே வந்து காற்றைக் கவ்வியது. பிறகு சாய்ந்து, வெள்ளை வயிறு பாதி தெரிய மிதந்தது. மீசைகள் வாடிய கொடி மாதிரித் தொங்கின. மாப்பிள்ளை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்த மீன் மேல் பிரியம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது; உதவாத பிரியம். எங்கே கொண்டுபோய் விடுவது என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கடல், உப்பு. இன்னொரு பக்கம் கண்மாய், புழுதி. நடுவில் ஊருணி, ஊரின் உயிர். இத்தனை பெரிய மாவட்டத்தில் அந்தப் பிராணிக்கு ஓர் இடம் இல்லை. இடமில்லாத ஒன்றை மீசைக்காக வாங்கி வந்திருந்தோம்.

தங்கை டிரம்மிலிருந்து இறங்கினாள். கழுவிய காலி டிரம் ஒன்றை உருட்டி வந்து நிறுத்தினாள். கல்லெடுத்த மூடியைத் திறந்து நல்ல தண்ணீரைக் குடங்குடமாக மொண்டு, மீன் நனைகிற அளவுக்கு அதில் ஊற்றினாள்.

"சாகப்போற உசுருக்கு இது. இதுக்கு மேல கேக்காதீக. கடையில கொண்டுபோயிக் குடுத்துட்டு வாங்க."

ஈரச் சாக்கில் சுற்றி மீனை டிரம்முக்கு மாற்றினோம். லோடு ஆட்டோ வழியெங்கும் அது வாலால் அடித்து எங்கள் இருவரையும் நனைத்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. "பின்னாடி கொண்டாங்கண்ணே" என்றார்.

பின்கட்டில் ஒரு சிமென்ட் தொட்டி. அதில் அடுக்கி வைத்த விறகு போல ரெட் டெயில்கள், தட்டை மூக்குகள், ஒவ்வொன்றும் கை நீளம். கண்ணாடியில் தேய்த்த மூக்குப் புண் இல்லாத மீன் ஒன்றுகூட அங்கில்லை.

"எல்லாம் பெரிய வீட்டுப் புள்ளைக" என்றார் கடைக்காரர், சாளையை வீசிக்கொண்டே. எங்கள் மீன் ஓர் ஓரமாக இறங்கி, கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது. மாப்பிள்ளை அதைக் கூப்பிட்டுப் பார்த்தார். அது திரும்பவில்லை.

அடுத்து குழாயில் தண்ணீர் வந்தபோது தங்கை அந்தக் கண்ணாடித் தொட்டியைப் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீர் விட்டு அலசி, விளிம்பு வரை நல்ல தண்ணீரை நிறைத்தாள். மேலே பலகை மூடி. விளக்கை மட்டும் மாப்பிள்ளை அணைக்க விடவில்லை. கூடம் முழுக்க நீல வெளிச்சம், அதற்குள் அசையாத தண்ணீர். விமானம் போனால் ஒரு சின்னச் சுருக்கம் ஓடி மறையும்.

பங்காளி ஒருநாள் வந்து அதன் முன்னால் நெடுநேரம் நின்றான். மீனைப் பார்க்கிற பார்வை அல்ல அது. அவன் வீட்டு டிரம் காய்ந்திருந்தது.

"ஒரு கொடம் கெடைக்குமா மதினி?" என்று தங்கையிடம் கேட்டான்.

மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டார். "முன்கூட்டியே யோசிச்சுத்தான் இவ்வளவு பெருசாக் கட்டுனேன்" என்றார்.

தங்கை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையை நகர்த்தி ஒரு குடம் மொண்டு கொடுத்தாள். மறுபடி மூடி, மேலே கல்லை எடுத்து வைத்தாள்.