சிலம்பரசனின் பூட்டு

சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கும் அந்தக் கான்ட்ராக்ட் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் அவசரம். நின்ற பெல்ட்டை முதலில் ஓடவிடும் ஷிப்டுக்குத்தான் பேரும் பரிசும். வினோலியா அங்கே முதல் பெண் ஷிப்ட் இன்சார்ஜ். சோதனைக் காலம் முடிந்து மாதக் கடைசியில்தான் பதவி உறுதியாகும்.

உள்ளே ஆள் இருக்கையில் யாரும் பெல்ட்டை ஓடவிடாதபடி, வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டுவார். வெளியே வந்ததும் தானே திறப்பார். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்சைப் போட முடியும்.

அன்று மதியம் வேலை முடிந்தும் ஒரு பூட்டு தொங்கியது. ஃபிட்டர் சிலம்பரசனுடையது. ஆளைக் காணோம், போனையும் எடுக்கவில்லை.

"ஷிப்ட் பஸ்ஸப் புடிக்க ஓடியிருப்பான். பூட்ட வெட்டுங்க," என்றார் மேனேஜர் செந்தில்நாதன்.

"ஓடினத யாரு சார் பார்த்தது?"

"பெல்ட்டுக்குள்ள தேடியாச்சு இல்ல?"

"தேடியாச்சு சார். ஆளுதான் இன்னும் கெடைக்கல."

"வினோலியா, உங்க கன்ஃபர்மேஷன் ஆர்டர்ல நான்தான் கையெழுத்துப் போடணும்."

"தெரியும் சார்."

மூத்த ஃபிட்டர் கொளஞ்சிநாதனைச் சிலம்பரசனின் ஊரான வடக்குத்துக்குப் பைக்கில் அனுப்பினார் வினோலியா. பெல்ட் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. செந்தில்நாதனின் போன் ஓயவில்லை. கடைசியில் வினோலியாவின் போன் அடித்தது.

"யம்மா, வூட்லதான் இருக்கான்! மீன் கொழம்பு ஊத்தித் துன்னுகினு இருக்கான். பூட்ட மறந்துட்டானாம். என்னப் பார்த்துட்டு திருதிருன்னு முழிக்கிறான்."

வினோலியா கட்டரை எடுத்துத் தானே பூட்டை வெட்டினார்.

"இவ்ளோ நேரம் நின்னு என்ன கெடைச்சுது?" என்றார் செந்தில்நாதன்.

"அவரு வூட்ல இருக்காருன்னு தெரிஞ்சுது சார்."

வீண் வேலை என்று தோன்றலாம். ஆனால் தெரியாத நேரத்தில் எடுத்த முடிவை, தெரிந்த பிறகு வந்த அறிவால் அளப்பது நேர்மையல்ல. பயமில்லாதவர்கள் பலரைப் பார்க்கலாம்; பயந்தபடியே சரியானதைச் செய்பவர்கள் குறைவு. பதவி போய்விடுமோ என்ற பயம் வினோலியாவுக்கும் இருந்தது.

மாதக் கடைசியில் செந்தில்நாதன் கேட்டார்: "மறுபடி இப்படி ஆனா?"

"தேடுவேன் சார்."

சோதனைக் காலம் மேலும் மூன்று மாதம் நீண்டது. பரிசு வாங்கிய ஷிப்டுக்கு மாறச் சொல்லிக் கொளஞ்சிநாதனைக் கூப்பிட்டார்கள்.

"வேணாங்க சார். இந்தம்மா ஷிப்டுலயே இருக்கறேன். நான் காணாமப்போனா தேட ஆள் வேணும்."

"எனக்கும் இதே ஷிப்டுதான் சார்," என்றான் சிலம்பரசன்.

"நீ வாய மூடுறா. ஒன்னத் தேடியே என் பெட்ரோலு தீந்துபோச்சு!"

சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, வினோலியா அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவரும் வேறு ஷிப்ட் கேட்கவில்லை.