வெள்ளை பூசிய மாடி

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சிக் காபி போட்டுக் குடித்தேன். ஜன்னல் மேடையில் இருக்கும் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரியில் மீதம் இருந்ததை அக்காவுக்காக ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஏழு மணி கடலூர் வண்டி நின்றிருந்தது. இடப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காலையில் வடக்கே போகும் வண்டியில் வலப் பக்கம் உட்கார்ந்தால் ஆலப்பாக்கம் வரைக்கும் வெயில் முகத்திலேயே அடிக்கும். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் இதே வண்டி, முடிந்தால் இதே பக்கம்.

அப்பா கட்டிய வீடு மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகும் சாலையில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. மேல்தளத்தில் அக்கா தனியாக இருக்கிறாள். அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. கூட்டுறவு பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கீழ்த்தளம் வாடகைக்கு. படிக்கட்டு வெளியே, தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. வீட்டுக்குள் நுழையாமலேயே யாரும் மொட்டைமாடிக்கு ஏறிப் போகலாம்.

கீழ்வீடு இரண்டு வருடமாகக் காலியாக இருந்தது. கடைசியாகக் குடியிருந்தவர்கள் தண்ணீரைக் காரணம் சொல்லிக் காலி செய்தார்கள். கடல் பக்கம் என்பதால் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு ஏறிவிட்டது. குழாய்கள் அரித்துப் போயின, பருப்பு வேகவில்லை, தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகத் திரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அறைகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் கேட்டார்கள். அதோடு சரி. மேல்வீட்டின் கதை வேறு. சித்திரையில் அக்காவின் அறைக்குள் மதியம் நுழைந்தால் அடுப்பு மூடியைத் திறந்ததுபோல் இருக்கும்.

பெங்களூரில் இருக்கும் தம்பி இந்த வருடம் சித்திரையில் ஒரு நாள் வீடியோவில் பேசினான். வீட்டுக்கு மதிப்பில்லை, மனைக்குத்தான் விலை என்று தரகர் சொல்கிறார், விற்றுவிடலாம், அக்கா சிதம்பரத்தில் என்னோடு வந்து இருக்கட்டும் என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது.

அக்கா என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "பாப்பா வூட்ல நான் எத்தினி நாளைக்கு விருந்தாளியா இருக்கறது? பொங்கலுக்குள்ள கீழ் வூட்டுக்கு ஆள் வரலன்னா வித்துக்குங்க. அதுவரைக்கும் யாரும் பேசாதீங்க" என்றாள். தம்பியும் நானும் ஒப்புக்கொண்டோம்.

மறு வாரமே வேலை ஆரம்பித்துவிட்டாள். அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரையும் அவர் மனைவியையும் வரவழைத்தாள். சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, வடிகட்டி, பசை கலந்து மாடித் தரை முழுக்க மூன்று கை அடித்தார்கள். அது காய்ந்த மறுநாள் மதியம் மின்விசிறியைப் போட்டால் அனல் இறங்கவில்லை. வாங்குவதாக இருந்த ஏர்கூலர் வேண்டாம் என்று ஆயிற்று. சூரியத் தகடு போட வந்தவர் உயரமாகச் சட்டம் கட்டி நிறுத்தலாம் என்றார். 2011இல் தானே புயலின்போது எதிர் வீட்டுத் தகரக் கூரை எங்கள் தெருவைத் தாண்டிப் பறந்ததை அக்கா பார்த்திருக்கிறாள். இரண்டே தகடு, முழங்கால் உயரம், அதுவும் படிக்கட்டின் மேல்கூரையில் என்று முடித்துவிட்டாள். கீழ்வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் இரண்டு வாழை வைத்தாள்.

முக்கியமான வேலை மழைத் தண்ணீர். மாடியிலிருந்து நான்கு குழாய்கள் இறங்குகின்றன, இரண்டு தெருப் பக்கம், இரண்டு கொல்லைப் பக்கம். நான்கையும் இணைத்து, ஜல்லியும் மணலும் கரியும் நிரப்பிய ஒரு குழி வழியாகக் கிணற்றுக்குள் விட்டார்கள். குழிக்கு முன்னால் ஒரு வால்வு உண்டு. முதல் மழையை வெளியே விட்டு, மாடி கழுவப்பட்ட பிறகு கிணற்றுப் பக்கம் திருப்ப வேண்டும். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், மோட்டாரை ஜாஸ்தி ஓட்டினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடியிலும் ஆவணியிலும் சில இரவுகளில் நல்ல இடிமழை. புரட்டாசி பிறந்த வாரம் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அக்கா போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை என்பதால் பயந்துகொண்டே எடுத்தேன். "பருப்பு வெந்துருச்சு" என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. எங்கள் தெருவில் கொஞ்சம் பெரிய மொட்டைமாடி எங்களுடையதுதான். வடாம், மிளகாய், புளி என்று தெருப் பெண்கள் முன்பிருந்தே அங்கே காயவைப்பார்கள், பாய் விரித்து. வெள்ளை பூசியதும் பாய் தேவைப்படவில்லை. தரை கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது, மண் ஒட்டுவதில்லை. முன்பு வராதவர்களும் வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி நாள் தவறாமல் வந்தாள். அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். புரட்டாசியில் தெருவில் பாதி வீடு மீன் வாங்காது, எங்கள் வீடு உட்பட. துறைமுகத்தில் விலை இறங்கும். கிறிஸ்தவக் குடும்பமான அவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. வருடத்துக்கு வேண்டிய நெத்திலியை அவள் அந்த மாதத்தில்தான் வாங்கிக் காயவைப்பாள்.

அந்த ஞாயிறன்று நான் எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் பத்து மணிக்குக் கீழ்வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வருவதாக ஏற்பாடு. மனைவி செவிலியர், கணவர் கல்லூரியில் பாடம் நடத்துகிறார், எட்டு மாதக் குழந்தை. புரட்டாசியில் வீடு மாறமாட்டார்கள். பிடித்தால் ஐப்பசி முதல் வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இட்லி சாப்பிட்டுவிட்டு நாங்கள் இருவரும் கீழ்வீட்டைக் கூட்டித் துடைத்தோம். ஜன்னல் கம்பிகளை நான் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக்காரி நெத்திலிக் கூடையோடு படியேறினாள். பரப்பிவிட்டு, நெல்லிக்குப்பத்தில் ஒரு விசேஷம், நாலு மணிக்கு வந்து வாரிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வானம் வெளுப்பாக இருந்தது. முந்தின வாரம் பெய்த மழையில் மாடி கழுவப்பட்டிருந்ததால் வால்வு கிணற்றுப் பக்கமே இருந்தது. அதை யாரும் நினைக்கவில்லை.

சாப்பிட்டுப் படுத்தோம். மூன்று மணி சுமாருக்கு மழைச் சத்தத்தில் எழுந்தேன். அக்கா எனக்கு முன்பே மாடிக்கு ஓடியிருந்தாள். நான் கொல்லைக்குப் போய் வால்வைத் திருப்பினேன். அதற்குள் நேரமாகிவிட்டது. மாடியில் நெத்திலி குழாய் வாய்களில் கரை ஒதுங்கியதுபோல் குவிந்திருந்தது. அங்கே கட்டியிருந்த கம்பிவலைக்குள் நுழையக்கூடிய சின்ன மீனெல்லாம் இறங்கிப் போய்விட்டது. கிணற்றில் ஒரு வாளி இறக்கி எடுத்தோம். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கருவாட்டு வாடை மட்டும் அடித்தது.

மோட்டாரைப் போட்டு இறைத்துவிடலாமா என்று கேட்டேன். "எறச்சா நல்ல தண்ணி போய் உப்பு வந்து நிக்கும்" என்றாள் அக்கா. குழியில் விழுந்த மீனை அள்ளிப் போட்டுவிட்டு, கிணற்றின் மேல்தண்ணீரை வாளியால் மொண்டு குழியிலேயே ஊற்றத் தொடங்கினோம். இரவு முழுக்கக் குழியின் கரி வேலை செய்தால் காலைக்குள் வாடை குறையும் என்று நான் கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கும் தப்பியது. ஐந்து மணிக்கு அந்தத் தம்பதி வந்து நின்றார்கள். குழந்தைக்குக் கடல் காட்ட வந்தார்களாம். மழை விட்டதும், பக்கத்தில்தானே, இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று வந்துவிட்டார்கள். மறுக்க முடியவில்லை. அறைகளைப் பார்த்தார்கள். விசிறியைப் போட்டுப் பார்த்து, இது சூரிய ஒளியிலா ஓடுகிறது என்று கணவர் இரண்டு முறை கேட்டார். பிறகு அந்தப் பெண் ஒரு வாய் தண்ணீர் கேட்டாள்.

வாளியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள். "உப்பே இல்லைங்க" என்று கணவரிடம் சொன்னாள். பிறகு கையை முகர்ந்து பார்த்தாள். "மீன் வாசன வருதே?"

கடல்காற்று வீசிக்கொண்டிருந்தது. அதைக் காரணம் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்கா, "நெத்திலிம்மா. மாடில காய வெச்சிருந்தது. மழ அடிச்சிக்கினு வந்து கெணத்துல உட்டுருச்சு" என்றாள்.

"கெணத்துல மீன் இருந்தா நல்லதுன்னு சொல்வாங்க" என்றார் கணவர்.

"உசுரோட இருந்தா" என்றாள் மனைவி.

அக்கா சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள், ஆனால் விஷயத்தை விடவில்லை. வீடு பிடித்திருக்கிறது, வாடகையும் ஒத்துவருகிறது, குழந்தைக்கு இந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்றாள். "மாடிப் படிக்கு ஒரு கேட் போட்டுப் பூட்டிடுங்க. வெளியாளு யாரும் ஏறக் கூடாது. அது மட்டும் சரின்னா ஐப்பசி பொறந்ததும் வந்துடறோம்." ராத்திரிக்குள் சொல்வதாக அக்கா சொன்னாள்.

அவர்கள் போனதும் நான் கதவு செய்பவரின் எண்ணைப் போனில் தேட ஆரம்பித்தேன். என்னைப் பொறுத்தவரை முடிந்துபோன விஷயம் அது. ஒரு கேட், ஒரு பூட்டு; வீடு நிற்கும். அதைச் சொன்னேன்.

அக்கா துடைத்துவைத்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "நாலு மணிக்கு மேல படியில யாராச்சும் ஏறி வர சத்தம் கேக்கும், கவனிச்சிருக்கியா? வரவ சும்மா வரமாட்டா, எதனா பேசிட்டுத்தான் போவா. அதுக்குத்தான் நான் இந்த வூட்ல இருக்கறேன். அதப் பூட்டிட்டு இங்க ஒக்காந்திருக்கறதுக்கு உன் வூட்லயே வந்து ஒக்காந்துக்கலாம்."

போனைக் கீழே வைத்தேன். பன்னிரண்டு வருடமாகச் சிதம்பரத்தில் இருக்கிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்ப்பலகையைத்தான் எனக்குத் தெரியும்.

ஆறரைக்கு எதிர்வீட்டுக்காரி விசேஷப் புடவையோடு வந்து மாடி ஏறினாள். நாங்களும் கூடப் போனோம். விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மீதி நெத்திலியைக் கூடையில் வாரிக்கொண்டே, இனிமேல் நான் மாடி ஏறவில்லை, கேட்டைப் போட்டுவிடுங்கள் என்றாள்.

"உன்ன யாரு கேட்டது?" என்றாள் அக்கா.

"வாடக வரணும் இல்லக்கா. வூட்ட வித்துட்டு நீங்க போய்ட்டா மட்டும் நான் எந்த மாடில ஏறறது?"

"நீ ஏறலன்னா உன் வூட்டுக்காரருக்குக் கருவாட்டுக் கொழம்பு இருக்காது. அவரு என்னத்தான் திட்டிக்கினே வேன் ஓட்டுவாரு. சும்மா இரு."

அக்கா மாடித் தரையின் நடுவில் போய் நின்றாள். நடுவே லேசான மேடு. அதற்கு இந்தப் பக்கம் விழும் மழை தெருக் குழாய்களுக்கும், அந்தப் பக்கம் விழுவது கொல்லைக் குழாய்களுக்கும் ஓடும். ஈரம் அப்போதும் அப்படித்தான் வடிந்துகொண்டிருந்தது. மேட்டின்மேல் ஒரு வரிசைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டு, தெருப் பக்கத்து இரண்டு குழாய்களையும் கிணற்றிலிருந்து பிரித்துவிட்டால் என்ன என்று கேட்டாள். கொல்லைப் பக்கத்துப் பாதியில் யாரும் கால் வைக்கக் கூடாது. தெருப் பக்கத்துப் பாதி தெருவுக்கு.

கிணற்றுக்குப் பாதி மழைதான் கிடைக்கும், உப்பு மறுபடி ஏறலாம் என்று நான் சுட்டிக்காட்டினேன். அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டாள். "கெணறு முழுக்க ரெண்டு வருஷத்துல இனிக்க வேண்டியது நாலு வருஷத்துல இனிக்கட்டும்" என்றாள்.

ஏழு மணிக்கு அவளே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள். கேட் போடவில்லை என்பதைத்தான் முதலில் சொன்னாள், செங்கல் வரிசையைப் பிறகு. மறுமுனையில், யாரும் தாண்டி வரமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்பது எனக்கும் கேட்டது. "நான் இருக்கறேன் இல்லம்மா, மேல்வூட்ல" என்றாள் அக்கா. ஏற்கெனவே பேசியபடி காலையில் பத்து மணிக்கு வருகிறோம், கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாடகைக்கு வேறு ஒரு வீடும் பார்த்துவைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

நான் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் செய்தி அனுப்பினேன். அன்று இரவு சிதம்பரம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை, காபி போடுவதற்கும் முன்பு, கொல்லையில் மீந்து கிடந்த செங்கற்களை அக்காவும் நானும் எண்ணி எடுத்துத் தொட்டியில் ஊறப்போட்டோம். காய்ந்த செங்கலில் பூச்சு பிடிக்காது.