தளை தட்டாத போஸ்டர்

முடிச்சூர் சாலையில் இன்று காலை மைதா பசையின் வாடை வந்ததும், இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்ட ரைஸ்மில்லின் நீளச் சுவர் நினைவுக்கு வந்தது. பள்ளி விட்டு வரும் வழியில் நானும் என் வகுப்புத் தோழி செல்வியும், தவிட்டுத் தூசியில் தும்மிக்கொண்டே, அந்தச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்களின் வெண்பாக்களை டிபன் பாக்ஸில் தட்டித் தட்டி, தேமா புளிமா என்று சீர்சீராகப் பிரித்துப் பார்ப்போம். ஒன்றுகூடத் தேறாது. எங்காவது ஓசை இடறும், தளை தட்டும்.

“இன்னாடி இது, செத்தவருக்குப் போய் இப்டி எழுதிக்கீறாங்க. என்னுத நானே எழுதி வெச்சிட்டுத்தான் போவேன், பாரு” என்பாள் செல்வி.

இன்றைய போஸ்டர் அடுக்குமாடியின் மதிலில் ஈரம் காயாமல் இருந்தது. பழைய பழக்கத்தில் கீழே இருந்த நாலு வரியைத்தான் முதலில் படித்தேன். விரல் தானாகக் கைப்பைமேல் தட்டியது. எதுகை சரி, மோனை சரி, கடைசிச் சீர்வரை எங்கும் தளை தட்டவில்லை. ஒருவராவது ஒழுங்காக எழுதினாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். நரைத்த தலையோடு செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். என் விரல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.