மதுரைக்காரர் கேட்ட பாண்

"இந்தியாவுலேருந்து எப்ப சேர் வந்தீங்க?"

போன செவ்வாய்க்கிழமை, கம்பளையில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் அங்கே வேலை செய்யும் பெண். முப்பது வயதிருக்கும். அவர் கையில் இருந்தது நான் கொப்பி எடுக்கக் கொடுத்த தேசிய அடையாள அட்டை. அதில் என் கண்டி முகவரி தெளிவாகவே இருக்கிறது.

அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இது இப்ப மதுரையிலயும் குடுக்குறாங்களா?"

அப்போதுதான் அவரை அடையாளம் தெரிந்தது.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று மாதங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில், முதுகுப் பையோடு தென்கரையில் சுற்றிய கதையை எழுதியிருந்தேன். காலியிலிருந்து தங்காலை வரை ஆறு நாள். ஐம்பத்தாறு வயதில், அறைக்கு எட்டுப் பேர் அடுக்குக் கட்டில்களில் படுக்கும் மலிவான ஹொஸ்டல்கள். மேல் கட்டிலில் ஜெர்மன்காரர், கீழ்க் கட்டிலில் நான், இரண்டுக்கும் நடுவே தொங்கும் ஈரத் துவாய்கள்... எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நான்காவது நாள் மத்தியானம் நல்ல மழை. ஒதுங்கப் போன ஹொஸ்டலின் வாசலில் ஒரு பலகை. வெளிநாட்டவர்களுக்கு மாத்திரம் என்று ஆங்கிலத்தில். அடுத்த இடத்துக்கு நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். என்ன செய்வது? உள்ளே போய் "இந்தியா" என்றேன். "தமிழா சேர்? எந்த ஊரு?" என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் கேட்டார். படங்களில் கேட்ட தமிழில் "மதுரைங்க" என்றேன். விசா நீட்டிக்கக் கொடுத்த பாஸ்போட் கொழும்பில் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் எழுதிவிட்டுச் சாவியைத் தந்தார்.

இதைத்தான் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். 'பாவம், அந்தப் பெண் முழுதாக நம்பிவிட்டார்' என்பது அதில் ஒரு வரி. உங்களில் பலர் தொலைபேசியில் அழைத்து அந்த வரியைச் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஹொஸ்டலின் பெயரை நான் எழுதவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. ஆனால் பத்திரிகை மேசையில் முப்பது வருடம் இருந்தவனுக்கு ஒரு நோய் உண்டு - விவரம். வாசலின் நீல கேற்றை எழுதினேன். முற்றத்தில் பூச்செடி வைத்திருந்த பழைய படகை எழுதினேன். அந்தப் பெண்ணின் இடது கையில் வளைந்திருந்த சுண்டுவிரலைக்கூட விடவில்லை. இத்தனைக்கும் பிறகு பெயர் எதற்கு?

யாரோ அந்தப் பத்தியைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து முகநூலில் போட்டிருக்கிறார்கள். ஹொஸ்டல் முதலாளி அதைப் படித்திருக்கிறார்.

"அப்ப அந்த வேலை..." என்று இழுத்தேன்.

"போயிருச்சி சேர். அதான் ஊருக்கே வந்துட்டேன்." அட்டையை இயந்திரத்தின் கண்ணாடி மேல் வைத்து மூடினார். "ரெண்டு பக்கமும் வேணுமா?"

"வேணும். நான் ஏமாத்திட்டேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். அப்ப பாஸ்போட் கொப்பி எங்கன்னு கேட்டாரு. கொப்பி இல்லாம யாருக்கும் கட்டில் குடுக்கக் கூடாது. அதுதான் அங்க சட்டம்."

அவர் அங்கே நான்கு வருடம் இருந்திருக்கிறார். படுக்கை விரிப்பு மாற்றும் வேலையில் சேர்ந்து, தங்க வருகிறவர்களிடம் பேசிப் பேசி ஆங்கிலம் படித்து, வரவேற்பு மேசைக்கு வந்தவர். முதலாளி தங்காலையில் இன்னொரு ஹொஸ்டல் திறக்க இருந்தார். அதற்கு இவர்தான் மெனேஜர் என்று பேச்சு. இப்போது அங்கே வேறொருவர்.

"இங்க இங்கிலிஷ் பேச ஆளில்ல சேர். மறந்துருமோன்னுதான் பயமா இருக்கு" என்றார். வேறு முறைப்பாடு இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "என்னைய நம்பினது உங்க பிழையில்ல" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார்.

"யாரு சேர் நம்புனா? நான் புத்தகத்த தொறக்கிறதுக்கு முன்னாடியே, காலையில பாணும் சம்பலும் கிடைக்குமான்னு கேட்டீங்க. மதுரையில யாரு பாண் கேப்பா?"

பாண்! அங்கே அதற்குப் பிரெட் என்று பெயர். ஊரை மாற்றினேன், உச்சரிப்பை மாற்றினேன். பசி மட்டும் இலங்கைத் தமிழில் பேசிவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டா இந்தியான்னு எழுதினீங்க?"

"மழையில நனஞ்சி நின்னீங்க. நம்ம ஆளப் பாத்து, நம்ம நாட்டுல ஒங்களுக்குப் படுக்க எடமில்லன்னு சொல்ல அன்னைக்கி வாய் வரல. மத்த நாளெல்லாம் சொல்லியிருக்கேன்."

எனக்குப் பின்னால் ஒரு தாய், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு காத்திருந்தார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். முதலாளிக்கு நானே எழுதவா, நேரில் போய்ப் பேசவா என்று கேட்டேன். "வேணாம் சேர், அந்த எடத்துக்கு வேற ஆளு வந்தாச்சி. அவ பொழப்ப எதுக்குக் கெடுக்கணும்?" என்றார். இந்தப் பத்தியில் பிழையைத் திருத்தலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"எழுதுங்க. ஆனா பேரு வேணாம், கடை வேணாம். வெரலும் வேணாம்."

ஆகவே, கம்பளை என்று மேலே எழுதியிருப்பது கம்பளையாக இல்லாமலும் இருக்கலாம். கடையில் போட்டோ கொப்பி மட்டும்தான் எடுக்கிறார்களா என்று தேட வேண்டாம். விரல் பழைய பத்தியிலேயே வந்துவிட்டது. அதை இனி அழிக்க முடியாது. அச்சில் ஏறியது அப்படித்தான்.

பெயரைப் பிழையாகப் போட்டால், திகதி மாறினால், மறுநாளே திருத்தம் போடுவோம். ஒரு மனிதரைப் பிழையாகப் படித்ததற்கு எங்கே போடுவது? இங்கேதான் போட வேண்டியிருக்கிறது.

திருத்தம்: 'பாவம், அந்தப் பெண் முழுதாக நம்பிவிட்டார்' என்ற வரியை, 'அந்தப் பெண் எல்லாம் தெரிந்தே எனக்கு இடம் தந்தார்' என்று திருத்தி வாசிக்கவும். பாவம் என்ற சொல்லை நானே வைத்துக்கொள்கிறேன்.

கொப்பிகளை வாங்கி எண்ணிப் பார்த்தேன். நான் கேட்டது இரண்டு. அவர் மேசையில் மூன்றாவது ஒன்று கிடந்தது.

"ஒண்ணு கூட எடுத்துட்டீங்களே?"

"அது எனக்கு சேர். அன்னைக்கி எடுத்திருக்க வேண்டியது."