பத்துக்கு எத்தனை வலி?

"கை தனியா வலிக்காதுடா, அதுகூட..." என்று அப்பா ஏதோ சொல்வார், மீதி மறந்துவிட்டது. ஆபீஸில் முப்பது வருஷம் டைப் அடித்தவர். நான் பிறர் முழங்கையைப் பிடித்துவிட்டுப் பிழைக்கிற பிஸியோதெரபிஸ்ட். இந்தத் தொழிலில் மருந்து கிடையாது, கட்டைவிரலும் ஒரே கேள்வியும்தான்: "வலி பத்துக்கு எத்தனை?" டென்னிஸ் மட்டையைத் தொடாமலே டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வலி வந்தவர்களே, பல் தேய்க்கக்கூடப் பயமாக இருக்குமே, அந்த வலியைத்தான் சொல்கிறேன்.

செருப்புச் சத்தம்

மும்பை தாராவியில் தோல் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பாய். ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. நாளெல்லாம் தோல் வெட்டுவார், வலிக்காது. பைகளைச் சோதிக்கக் கம்பெனி ஆள் வருகிற செவ்வாய்க்கிழமை மட்டும் கத்தியைப் பிடிக்க முடியாது. ஒரு தடவை மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிட்டானாம். விளக்கினேன்: "சதை ஆறினாலும் நரம்பு காவலை விடாது, பாய். பயம் சேர்ந்தா சின்ன அசைவுக்கும் அலறும். வலி நிஜம்தான்." யோசித்துவிட்டுக் கேட்டார்: "மாடிப்படில அந்தப் பய செருப்புச் சத்தம் கேட்டாலே சுள்ளுன்னு இழுக்கு. ஏன் டாக்டரே, முழங்கைக்குக் காது உண்டுமா?"

ஒரு டம்ளர்

மாட்டுங்கா மாமி, படுக்கையில் கிடந்த கணவரை இரண்டு வருஷம் தூக்கி, புரட்டி, துடைத்துப் பார்த்துக்கொண்டவர். அப்போதெல்லாம் கை ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன மூன்றாம் மாதம் ஆரம்பித்தது. பயிற்சி, ஐஸ், முழங்கையில் கட்டும் பட்டை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஆறு மாதமாக வருகிறார், குறையவில்லை. "பத்துக்கு எத்தனை மாமி?"

"ஒரு டம்ளர் காபி ஆத்தறச்சே எட்டு. யாராவது வந்து ரெண்டு டம்ளர் ஆத்தினா மூணு."

முழுக்கைச் சட்டை

மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு காலையில் "இனி வர வேண்டாம்" என்றார்கள். செம்பூருக்குத் திரும்பிய மாதமே என் வலது முழங்கை பிடித்துக்கொண்டது; இரண்டு வருஷமாகிறது. காலையில் வேலைக்குப் போகையில் குர்லாவில் ரயில் மாறும்வரை ஒன்றுமில்லை. சயான் தாண்டி கிளினிக் நெருங்கினால் துடிக்கும்.

எங்கள் கிளினிக் முதலாளியம்மா, முதுகு பிடித்துக்கொண்ட சக ஊழியரை "குணமானதும் சொல்லுங்க" என்று அனுப்பினார். அவர் குணமாகி, சொல்லியும் பார்த்தார். கூப்பிடவில்லை. நாற்பத்தெட்டு வயதில் நான் எங்கே போய் நிற்பது? பட்டையை முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்துக் கட்டினேன். ரிசப்ஷன் செல்வி மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்: "அரே சார், மேடம் கேபின் கதவு திறந்தாலே உங்க கை நின்னுடுது. பேஷண்டுக்குக் குடுக்கற லெக்சரை நீங்களும் கொஞ்சம் கேளுங்க!"

மாமியின் கேள்வி

கேட்கத்தான் செய்தேன். தமிழிலும் இங்கிலீஷிலும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். படித்த இரண்டு பாஷையும் நரம்புக்கு எட்டவில்லை. போன வாரம் மாமியின் கையை அழுத்திக்கொண்டிருந்தபோது கேபின் கதவு திறந்தது. என் கட்டைவிரல் செத்துப்போயிற்று. மாமி மறு கையால் என் சட்டைக் கையைத் தொட்டார்; உள்ளே பட்டை தட்டுப்பட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒனக்குப் பத்துக்கு எத்தனைடா, கொழந்தே?"

மறுநாள் அரைக்கைச் சட்டை போட்டு, பட்டையை வெளியே தெரியக் கட்டிக்கொண்டு, முதலாளியம்மாவின் கேபின் கதவை நானே திறந்தேன்.